வேத வசனங்களுக்கு வலை பின்னுவோர்

கிறிஸ்தவ வேதாகமத்தின் பக்க ஓரங்களில் பொடி எழுத்தில் அச்சாகும் ஒத்த வாக்கியக் குறிப்புகளைப் போதகர்களும் வேதபாடம் நடத்துவோரும் தவிர வேறெவரும் சிரத்தையாகப் பார்ப்பதில்லை என்றிருந்த நிலை மாறி, அக்குறிப்புகளே சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் சித்திரமாகிவிட்ட காலம் இது. 2007-ஆம் ஆண்டில் ஜெர்மானிய லுத்தரன் போதகர் ஒருவரும் அமெரிக்காவில் கணினியியல் பயின்ற ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் கூடி, அத்தகைய குறிப்புகள் 63,779-ஐத் திரட்டி, ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரையுள்ள 1,189 அதிகாரங்களையும் ஒரே கிடைக்கோட்டில் நிறுத்தி, அதிகாரத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள சம்பந்தம் ஒவ்வொன்றையும் ஒரு வளைவாக வரைந்து காட்டினார்கள். வசனத்தை முனையாகவும் சம்பந்தத்தைக் கோடாகவும் கொண்டு, அதிகக் கோடுகள் கூடுமிடத்தைப் பெரிய புள்ளியாகக் காட்டும் வலை வரைபடங்களும் இன்று பலவாறாகப் பெருகியிருக்கின்றன.

படத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகு எங்கிருந்து பிறக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினால் மனம் சற்றே சஞ்சலமுறுகிறது. வளைவின் நிறம் இரண்டு அதிகாரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தைக் குறிக்கிறது. தூரமோ நூல்கள் அடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்தது. கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில் இராஜாக்களின் புத்தகங்களை அடுத்து நிற்கும் நாளாகமம், யூதர்கள் அச்சிடும் எபிரேய வேதத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவதால், ஒரே அரசர்களின் சரித்திரத்தை இருமுறை சொல்லும் இவ்விரு நூல்களுக்கிடையே அங்கே குறுகிய வளைவாய் இருப்பது இங்கே நீண்ட வளைவாகி, நிறமும் மாறிவிடும். வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை; அடுக்கிய கை மட்டுமே மாறியது. கத்தோலிக்கர் ஏற்கும் 73 நூல்களில் 66 மட்டுமே கொண்ட பதிப்பிலிருந்து வலை பின்னினால், சீராக்குக்கும் தோபித்துக்கும் அதில் இடமே இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை, கோடு என்பது எதைக் குறிக்கிறது என்பதே. மத்தேயு தமது முதல் அதிகாரத்தில் ஏசாயாவின் வாக்கொன்றைத் தீர்க்கதரிசி உரைத்ததென்று வெளிப்படையாகச் சுட்டி எடுத்தாளுகிறார். அது சந்தேகத்துக்கு இடமற்ற சம்பந்தம். ஏசாயாவின் இரண்டாம் அதிகாரத்திலும் மீகாவின் நான்காம் அதிகாரத்திலும், பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் காலத்தைப் பற்றிய பகுதி ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் யாரிடமிருந்து யார் பெற்றார், அல்லது இருவருமே வேறொருவரிடம் பெற்றனரா என்பதில் பண்டிதர்கள் ஒருமிக்கவில்லை. மூன்றாவதாக ஒருவகை உண்டு: இந்த வசனத்தை வாசிக்கும்போது அந்த வசனம் நினைவுக்கு வருகிறதென்று பதிப்பாசிரியர் ஒருவர் தமது பக்தியாலும் பயிற்சியாலும் ஓரத்தில் எழுதிவைத்த அபிப்பிராயம். இம்மூன்றையும் ஒரே தடிப்பில் வரைந்துவிட்டு, கூடிய கோடுகளை எண்ணி இதுவே வேதத்தின் மையம் என்று உரைப்பது, சாட்சியையும் வதந்தியையும் ஒரே பதிவேட்டில் ஒரே மையால் எழுதித் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும். அதிகாரங்களின் அளவும் கணக்கைக் கோணச்செய்கிறது: 176 வசனங்களுள்ள 119-ஆம் சங்கீதத்தின்மேல் கோடுகள் வந்து குவிவதும், இரண்டே வசனங்களுள்ள 117-ஆம் சங்கீதம் மெலிந்து நிற்பதும் எந்தத் தத்துவ ரகசியத்தாலும் அன்று.

கோடு விழாத இடங்களுக்கு நேரும் கதியே என்னை மிகவும் உறுத்துகிறது. புதிய ஏற்பாட்டின் நேர்மேற்கோள்களை மட்டும் கொண்டு வலை பின்னினால், எஸ்தரின் நூலும் உன்னதப்பாட்டும் ஓரத்தில் உதிர்ந்த புள்ளிகளாகிவிடும். நான்கு சுவிசேஷங்களின் ஒப்புமையை மட்டும் வரைந்தாலோ, லூக்கா ஒருவரே சொன்ன நல்ல சமாரியனும் கெட்ட குமாரனும், மாற்கு ஒருவரே சொன்ன, விதைத்தவன் அறியாமலே முளைத்து வளரும் விதையும் துணையற்றுத் தனித்துப்போகும். கிறிஸ்தவர் அல்லாதாரும் அறிந்த உவமைகளை அற்பமென்று காட்டும் அளவுகோலை அளவுகோலென்று எப்படி ஒப்புவது?

இந்த அபாயத்துக்குப் பழங்காலத்திலேயே பரிகாரம் கண்ட ஒருவர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் அத்தியட்சராயிருந்த யூசேபியஸ், நான்கு சுவிசேஷங்களும் எண்ணிட்ட சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட முறையைக் கொண்டு பத்து அட்டவணைகள் வகுத்தார். நால்வரும் சொன்னவை முதல் அட்டவணையிலும், மூவர் சொன்னவை அடுத்த மூன்றிலும், இருவர் சொன்னவை அதற்கடுத்த ஐந்திலும் அடங்கின. பகுதியின் எண்ணுக்குக் கீழே அது எந்த அட்டவணையைச் சேர்ந்ததென்று சிவப்பு மையால் குறித்துவிட்டதால், வாசகர் புரட்டிப் பார்த்து ஒப்பிடுவது எளிதாயிற்று. பத்தாவது அட்டவணையை அவர் ஒரே ஒருவர் மட்டும் சொன்னவற்றுக்கென்றே ஒதுக்கினார். பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளில் இவ்வட்டவணைகளைத் தூண்களும் வளைவுகளும் தீட்டி அலங்கரித்தார்கள். அன்றும் வளைவுகள்தாம்! ஆனால் அவை எண்களுக்கு மேல் கூரையாக நின்றனவேயன்றி எண்களை மறைத்துவிடவில்லை.

இத்தகைய சித்திரங்களால்தான் இளைஞர்கள் வேதத்தைக் கையில் எடுக்கிறார்கள் என்பாரும் உளர், எடுத்தால் மகிழ்ச்சியே.

ஆதலால் வலை பின்னுவோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: நேர்மேற்கோளுக்கு ஒரு நிறமும், சொல்லொப்புமைக்கு ஒரு நிறமும், பதிப்பாசிரியரின் அபிப்பிராயத்துக்கு வேறொரு நிறமும் கொடுங்கள், குறிப்புகளை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள், ஒரு கோடும் விழாத வசனங்களின் பட்டியலையும் அதே தாளில் அச்சிடுங்கள்.