மாலை 6.30 மணி முதல்

தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்கு முதன்முதலாக வரும் வடக்கத்தி நண்பர்கள் ஒரு விஷயத்தில் கட்டாயம் குழம்புவார்கள். தாலி கட்டுவது நாளைக் காலை. ஆனால் இன்று சாயங்காலமே பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் ஜோடியாக நின்று, பரிசு வாங்கி, வந்தவர்கள் எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் ரிசப்ஷனா என்று அவர்கள் கேட்டால் நாம் சிரித்து மழுப்புவோம். சாஸ்திரத்தைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது. மண்டபத்து மேனேஜரைக் கேட்டால் கிடைக்கும்.

பெரும்பாலான மண்டபங்களில் ஒரு நாள் வாடகை என்பது முதல் நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடிகிறது. முகூர்த்தமோ காலை நாலரைக்கோ ஆறுக்கோ இருக்கும். சில சமயம் ஒன்பதோ அதற்குப் பிறகோ. ஆபீஸ்காரர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. ஆக, அவர்களைக் கூப்பிடக் கையில் மிச்சமிருப்பது முந்தின நாள் சாயங்காலம்தான்.

அந்தச் சாயங்காலம் ஒரு காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சொந்தமாக இருந்தது. கோட்டும் சூட்டும் மாட்டிய மாப்பிள்ளை மேல்மூடி இல்லாத காரில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றிச் சொந்தக்காரக் குழந்தைகள் அடைந்துகொள்ளும். முன்னால் நாகஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட் சுமந்தபடி ஆட்கள். கோயிலிலிருந்து புறப்பட்டு நாலு தெரு சுற்றி ஊருக்கே மாப்பிள்ளையைக் காட்டிவிட்டு வருவார்கள். போக்குவரத்து பெருகப் பெருக நாலு தெரு ஒரு தெருவானது. பிறகு அந்த ஒரு தெருவும் போய், மண்டப வாசலில் ஆரத்தியோடு முடிந்தது. காலியான அந்த மாலையில் ரிசப்ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி மேடையேறினார். கூடவே பெண்ணையும் நிறுத்தினார்கள். “தாலி ஏறுமுன்ன பொண்ணப் பக்கத்துல நிக்க வெக்கலாமா?” என்று பாட்டிகள் முணுமுணுத்தார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்ட பிறகு பாட்டிகளை யார் கேட்டார்கள்?

அதற்கும் முந்தைய வீட்டுக் கல்யாணங்களில் ரிசப்ஷனுக்குத் தேவையே இருக்கவில்லை. தெருவை அடைத்துப் பந்தல், நாலைந்து நாள் சாப்பாடு. ஊரே உள்ளே இருக்கும்போது யாரைத் தனியாக வரவேற்பது? அந்தக் கல்யாணங்களில் தெரிந்ததெல்லாம் பெண்ணைப் பெற்றவரின் ரசனையும் செல்வாக்கும்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோ காருகுறிச்சி அருணாசலமோ நாகஸ்வரம் வாசிக்க வருகிறார் என்றால் அழைப்பில்லாதவர்களும் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். மணமக்களுக்கு என்ன ராகம் பிடிக்கும் என்று யாரும் விசாரித்ததில்லை. பெண் தலை குனிந்திருக்க வேண்டும், மாப்பிள்ளை விறைப்பாக இருக்க வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: நலங்கு. சில சமூகங்களில் முகூர்த்தத்துக்குப் பிறகு அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கிவைத்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள். ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் தட்டி நொறுக்குவார்கள். பெண் பாட வேண்டும். மாமியாரையும் நாத்தனாரையும் கேலி செய்து பாடவும் அன்று அனுமதி உண்டு. காலையெல்லாம் தலை குனிந்திருந்தவளுக்குக் குரல் இருக்கிறது, குறும்பும் இருக்கிறது என்று புகுந்த வீட்டார் தெரிந்துகொண்டது அங்கேதான். கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியபோது நலங்கைத்தான் முதலில் வெட்டினோம். இப்போது மஞ்சள் உடுப்பும் மஞ்சள் பூவுமாக ‘ஹல்தி’யை வடக்கிலிருந்து வரவழைத்து அதற்கு ஒரு பட்ஜெட்டும் போடுகிறோம். மஞ்சள் பூசுவதை ஈரோட்டுக்காரர்களுக்குக்கூட இந்திப் படம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாவி 1963இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘வாஷிங்டனில் திருமண’த்தை நினைத்துப் பாருங்கள். மணமக்களை விட அப்பளமும் ஜானவாச ஊர்வலமும் சம்பந்தி சண்டையும்தான் மனதில் நிற்கின்றன. அது நகைச்சுவைக்காக மிகைப்படுத்தியது என்றாலும், கணிப்பு சரிதான். கல்யாணம் என்பது ஏற்பாடுகளின் தொகுப்பாகவே இருந்தது. இரண்டு பேர் அதற்கு ஒரு காரணம்.

அந்த இரண்டு பேரின் கொள்கைக்காகக் கல்யாணத்தின் உருவத்தையே மாற்றியவர்கள் சுயமரியாதைக்காரர்கள். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. வேண்டுமென்றே ராகு காலத்தில் நேரம் குறித்தவர்களும் உண்டு. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பொதுக்கூட்ட நோட்டீஸ் மாதிரி பெயர்கள் வரிசையாக இருக்கும். அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் இப்படி நடந்த கல்யாணங்களுக்கு முன்தேதியிட்டே அங்கீகாரம் கொடுத்தது. இன்று ‘எங்களுக்குப் பிடித்த மாதிரி’ கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மேடையிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். என்ன, அங்கும் பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். மணமக்கள் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்து, பெண் விடுதலையைப் பற்றி ஆண்கள் மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நகரத்து ரிசப்ஷன் வேறு வழியில் வந்தது. அந்த நாளில் அதை ‘டீ பார்ட்டி’ என்பார்கள். கேசரி, போண்டா, காபி, பிறகு காகிதக் கப்பில் ஐஸ்க்ரீம். வாசலில் ரோஸ்வாட்டர் தெளித்துச் சந்தனமும் கற்கண்டும் நீட்ட இரண்டு பெண்கள். குழாய் ஒலிபெருக்கியில், 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய தோழிப் பாட்டு ஒலிக்காத மண்டபம் இல்லை. வசதி இருந்தால் மெல்லிசைக் குழு. அதில் பாடகர் இன்னாரின் மொய் இவ்வளவு என்று பாட்டுக்கு நடுவே அறிவித்த ஊர்களும் உண்டு. பரிசு எவர்சில்வர் குடம், சுவர்க் கடிகாரம். குடத்தின் கழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டில் இன்றும் புளி வைத்திருக்கும் தூக்கில் யாரென்றே தெரியாத ஒரு தலைமை எழுத்தரின் பெயர் இருக்கிறது.

வீடியோ வந்துதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. 1980களின் நடுவிலிருந்து அந்தக் கண்ணைக் கூசவைக்கும் லைட் மேடைக்கு வந்தது. அதுவரை மணமக்களை எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போனவர்கள்கூட கேசட்டில் இடம்பெற வேண்டுமே என்று மேடையேறினார்கள். வரிசை பிறந்தது. இன்றைக்கும் நம் ரிசப்ஷனின் முதுகெலும்பு அந்த வரிசைதான். படியேறுவது, கவர் கொடுப்பது, “சார், கேமராவப் பாருங்க”, வெளிச்சம், இறங்குவது. மணமக்கள் மூன்று மணி நேரம் நின்றபடி, பாதிப் பேரை யாரென்று தெரியாமல், கன்னம் வலிக்கச் சிரிப்பார்கள். கடைசியாகக் காலியான சாப்பாட்டுக் கூடத்தில் ஆறிய இட்லி சாப்பிடுவார்கள். அதையும் ஒரு கேமரா படம் எடுக்கும்.

இன்றைய இளைஞர்கள் மாற்றப் பார்ப்பது இதைத்தான். பாதி வெற்றி, பாதி வியாபாரம்.

வியாபாரத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஈவென்ட்காரரிடம் போனால் டேப்லெட்டைத் திருப்பி தீம் காட்டுவார். ராயல், ரஸ்டிக், பேஸ்டல் என்று விலையோடு இருக்கும். இருவரின் ‘தனித்தன்மை’ அங்கே ஏற்கெனவே மூன்று சைஸில் தயாராக இருக்கிறது. புகை நடுவே நடந்து வரும் ‘என்ட்ரி’, இரு பக்கமும் சீறும் குளிர்ப் பட்டாசு, பெயரை வளைத்தெழுதிய நியான் விளக்கு, பானிபூரி கவுன்ட்டர். தெர்மோகோலில் ஜிகினா தூவி ஒட்டிய பழைய பெயர்ப் பலகைக்கும் இதற்கும் வித்தியாசம் மின்சாரச் செலவில் மட்டுமே.

அதைவிட நண்பர்கள் வைக்கும் ஃப்ளெக்ஸில் ஆளின் குணம் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம். ‘காணவில்லை’ விளம்பரம் போல மாப்பிள்ளை படம் போட்டு, அங்க அடையாளமாக அவருடைய அரியர் பேப்பர்களைச் சொல்லியிருப்பார்கள். எந்த டீக்கடை, எந்த ஹீரோ, எந்த சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தார் என்பது வரை அதில் இருக்கும். ஆனால் பேனருக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். அதுவும் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர்தான். மண்டபச் சுவருக்குள் கேலி செய்யுங்கள், சாலை வேண்டாம்.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. நண்பர் வீட்டில் நடந்த பேச்சு இது.

“அப்பா, அந்தச் சிம்மாசனம் ரெண்டும் வேணாம்ப்பா. அதுல உக்காந்தா எனக்கே சிரிப்பு வரும்.”

“சரிம்மா, வேணாம். வர்றவங்க மேடைக்கு வரணும்ல?”

“நாங்களே கீழ இறங்கி ஒவ்வொரு டேபிளா வர்றோம்.”

“எட்நூறு பேரையும்?”

“எட்நூறு எதுக்குப்பா? எரநூறு போதும்.”

அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மொய் நோட்டை எடுத்து வந்தார். சிவப்பு அட்டை, ஊர்வாரியாகப் பிரித்த பெயர்கள், எதிரே தொகை. சில தொகைகளுக்குப் பக்கத்தில் ‘செய்தாயிற்று’ என்று பச்சை மையில் குறிப்பு. குறிப்பு இல்லாத பெயர்களைப் பார்த்தாலே கணக்கு புரியும். இவர் அங்கங்கே செய்துவைத்த பணம் திரும்பி வர இதுதான் சந்தர்ப்பம். அழைக்காவிட்டால் பணமும் போகும், உறவும் போகும். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்தே தனியாக நடத்துகிறார்கள், கணினியில் ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். மற்ற ஊர்களில் ரிசப்ஷன்தான் மொய் விருந்து. பெண்ணுக்கு அது தன் மாலை. அப்பாவுக்கு இருபது வருட வரவு செலவு. இருவர் சொல்வதும் நியாயம்தான்.

இதற்குத் தமிழ்க் குடும்பங்கள் கண்டுபிடித்த தீர்வு ரிசப்ஷனையே இரண்டாக்கியது. ஊரில் ஒன்று: மண்டபம், மொய் மேஜை, வரிசை, அப்பாவின் எட்நூறு பேர். சென்னையிலோ பெங்களூரிலோ இன்னொன்று: சின்ன ஹால், நண்பர்கள். 2020இல் கொரோனா வந்து 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னபோது இந்தச் சின்ன ரிசப்ஷனுக்கு ஒரு கௌரவமும் கிடைத்தது. சிறிய கல்யாணம் என்றால் ஏழைக் கல்யாணம் என்ற பேச்சு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

ரிசப்ஷனை முழுக்கத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் கல்யாணம் செய்த ஒரு ஜோடி, ரிசப்ஷனை மெட்டாவெர்ஸ் என்ற கணினி உலகில் நடத்தியது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை மாதிரி அரங்கம். அதில் பெண்ணின் காலமான அப்பா கணினி உருவமாக வந்து ஆசீர்வதித்தார். செய்தி வந்தபோது பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்தவர் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்துவிட்டுத்தானே நாம் கல்யாண வேலையே தொடங்குகிறோம்? அந்தப் பிள்ளைகள் படத்தைக் கொஞ்சம் நடக்க வைத்தார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குத் தெரிந்த தொழில்நுட்பம், பெண்ணுக்கு இருந்த குறை. எந்த தீம் பட்டியலிலும் இது கிடைத்திருக்காது.

இவ்வளவு தூரம் போகாமலும் செய்யலாம். இலையில் மட்டும் கை வைத்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெண் திருநெல்வேலி, மாப்பிள்ளை கோயம்புத்தூர் என்றால், எதற்குப் பன்னீர் பட்டர் மசாலா? நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் சொதியை முதல் நாள் மாலைக்கே கொண்டுவந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல் வைத்து, இன்னொரு பக்கம் கொங்குநாட்டுச் சந்தகையைத் தேங்காய்ப்பாலோடு பரிமாறிய ஒரு பந்தியில் நானும் உட்கார்ந்தேன். சமையல்காரர் முதலில் மறுத்தாராம். சந்தகை பிழியப் பெண்ணின் மாமியாரே ஆள் கூட்டி வந்ததாகச் சொன்னார்கள். அன்று மணமக்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் பந்தியில் வாளியோடு இறங்கினார்கள். மேடை காலியாக இருந்ததால் வீடியோக்காரருக்குத்தான் கோபம்.

செலவு யாருடையது என்பதுதான் இன்று பேச்சைத் தீர்மானிக்கிறது. இருவரும் சம்பாதிக்கிறார்கள், மண்டபம் அப்பாக்கள், மேடையும் போட்டோவும் நாங்கள் என்று கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பணம் கொடுத்த பகுதியில் அவரவர் சொல் செல்லுகிறது. அழைப்பிதழ் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. ‘எங்கள் ரிசப்ஷனுக்கு வாருங்கள்’ என்று மணமக்களே அழைத்தால் பெரியப்பா வீட்டில், “ஏன், பெத்தவங்க கூப்பிட மாட்டாங்களாமா?” என்று ஒரு வாரம் பேசுவார்கள். அதனால் மஞ்சள் தடவிய அச்சுப் பத்திரிகையில் தாத்தா பெயரிலிருந்து தொடங்கி முறைப்படி எல்லாரும் அழைக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் மணமக்கள் தனியாக அழைக்கிறார்கள். ஒன்றில் மாலை 6.30 மணி முதல், இன்னொன்றில் எட்டரைக்கு மேல். எட்டரைக்குள் மொய் மேஜையைக் கட்டிவிடலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.