மன்னிப்பும் பொதுப்பணியும்
இல்லற வன்முறைக்காகத் தண்டனை பெற்ற விளையாட்டு வர்ணனையாளர்களை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒருவர் தம் இல்லத்தில் செய்த குற்றத்திற்காக அவருடைய பொதுப்பணியைப் பறிப்பது நீதியாகுமா? நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு மேலாக மற்றொரு தண்டனையைச் சமுதாயம் விதிக்கலாமா? சில காலம் கழிந்தபின் அவரை மீண்டும் பணியில் அமர்த்துவது மன்னிப்பா, மறதியா? மேலை நாடுகளின் விளையாட்டு ஒலிபரப்புத் துறையில் இவ்வினாக்கள் பலமுறை எழுந்துள்ளன. இவை ஒலிபரப்பாளருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. மன்னிப்பை அறிவிக்கும் பொறுப்பையும், ஊழியரைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பையும் ஒருங்கே ஏற்றுள்ள திருச்சபைக்கும் இவை உரியவை. ஆகவே முதலில் நிகழ்ச்சிகளை நோக்கி, பின்னர் திருமறையின் ஒளியில் அவற்றை ஆராய்வோம்.

1. மூன்று நிகழ்ச்சிகள்

ஜெஃப்ரி பாய்காட் இங்கிலாந்துக்காக 108 டெஸ்ட் போட்டிகளில் ஆடி 8,114 ஓட்டங்கள் குவித்தவர். ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபின் வர்ணனையாளராகப் புகழ்பெற்றார். அவருடைய குரல் இந்தியக் கிரிக்கெட் நேயர்களுக்கும் நன்கு பழக்கமானது. 1996ஆம் ஆண்டு அக்டோபரில் தென் பிரான்சிலுள்ள ஆன்டீப் நகரின் விடுதி ஒன்றில், தம்முடன் தோழமை கொண்டிருந்த பெண்மணியை அடித்ததாக அவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அப்பெண்மணி தவறி விழுந்ததாலேயே காயமுற்றார் என்பது அவருடைய வாதம். கிராஸ் நகர நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1998 நவம்பரில் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்து அதனை நிறுத்திவைத்ததோடு, 50,000 பிராங்கு அபராதமும் விதித்தது. 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு உறுதியாயிற்று. பி.பி.சி.யிலும் ஸ்கை தொலைக்காட்சியிலும் அவர் தம் இடத்தை இழந்தார். ஆயினும் சில ஆண்டுகளுக்குப்பின் பி.பி.சி. வானொலியின் டெஸ்ட் போட்டி ஒலிபரப்புக் குழுவில் மீண்டும் இடம்பெற்று, 2020 வரை அங்குப் பணியாற்றினார். 2019 செப்டம்பரில், பதவி விலகிய பிரதமர் தெரசா மே அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் கிடைக்கப் பரிந்துரைத்தார். அதே பிரதமரின் அரசு, அதே ஆண்டு ஜூலையில்தான் இல்லற வன்கொடுமைத் தடுப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் கொணர்ந்திருந்தது. பெண்கள் நல அமைப்பினர் வருந்திக் கண்டித்தனர். பாய்காட்டோ அக்கண்டனத்தைப் பொருட்படுத்தவில்லை. தாம் குற்றமற்றவர் என்றே அவர் தொடர்ந்து கூறி வந்துள்ளார்.

இரண்டாவது நிகழ்ச்சி அமெரிக்காவைச் சார்ந்தது. கூடைப்பந்து வர்ணனையில் தலைசிறந்தவராகக் கருதப்பட்ட மார்வ் ஆல்பர்ட், நெடுநாள் தொடர்புடைய ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்கில் 1997 செப்டம்பரில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, குறைக்கப்பட்ட குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றிய என்.பி.சி. நிறுவனம் உடனே அவரை விலக்கிற்று. நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. 1999ஆம் ஆண்டிலேயே அதே நிறுவனம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 2021இல் ஓய்வு பெறும்வரை அவர் தம் தொழிலில் நிலைத்திருந்தார்.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஸ்லேட்டர். 74 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய இவர், 2021 அக்டோபரில் சேனல் செவன் தொலைக்காட்சியின் வர்ணனைக் குழுவை விட்டு அகன்றார். இல்லற வன்முறைக் குற்றங்களுக்காகக் குவீன்ஸ்லாந்து நீதிமன்றத்தில் அவர் தண்டனை பெற்றதோ 2025 ஏப்ரலில்தான். பெண்ணொருத்தியின் கழுத்தை நெரித்ததும் அவற்றுள் அடங்கும். குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் ஏற்கெனவே காவலில் கழித்திருந்தமையால் எஞ்சிய காலம் நிறுத்திவைக்கப்பட்டது. இங்கே பணியிழப்பு முந்தியது, தீர்ப்பு பிந்தியது.

2. நிறுவனங்களின் அளவுகோல்

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஒன்று புலனாகிறது. ஒலிபரப்பு நிறுவனம் ஒருவரை விலக்குவது பெரும்பாலும் தன் நற்பெயரைக் காத்துக்கொள்ளும் பொருட்டே. நேயர்களின் சினம் தணிந்தபின் மீண்டும் அழைப்பதும் அதே பொருட்டே. குற்றம் செய்தவர் மனந்திரும்பினாரா, தீங்குற்றவருக்கு ஈடு செய்தாரா என்பவை அத்தராசில் நிறுக்கப்படுவதில்லை. காலம் கழிந்தது என்பதும், திறமை குன்றவில்லை என்பதுமே போதுமான காரணங்களாகி விடுகின்றன.

ஆயினும் நிறுவனங்கள் செய்ததை முற்றும் இகழ்தல் தகாது. ஒலிவாங்கி எவருக்கும் பிறப்புரிமையன்று. அது நம்பி ஒப்படைக்கப்படும் ஒன்று. பிறருடைய ஆட்டத்தையும் ஒழுக்கத்தையும் நாள்தோறும் எடைபோட்டுப் பேசுபவரை, இல்லந்தோறும் மக்கள் தம் அறைக்குள் ஏற்றுக்கொள்கின்றனர். தம் இல்லத்தில் அடியுண்ட பெண் ஒருத்தியும் அக்குரலைக் கேட்கக்கூடும். அவ்விடத்தினின்று ஒருவரை நீக்குவது அவருடைய உயிரையோ மதிப்பையோ பறிப்பதாகாது. பிழைக்கும் உரிமை வேறு, புகழ்மிக்க இடத்தில் அமரும் உரிமை வேறு.

3. திருமறையின் சாட்சி

சபை மேற்பார்வையாளருக்குரிய தகுதிகளை அடுக்கும் இரு பகுதிகளில் (1 தீமோத்தேயு 3:3, தீத்து 1:7) ‘பிளெக்டெஸ்’ என்னும் கிரேக்கச் சொல் காணப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் இவ்விரண்டு இடங்களிலன்றி வேறெங்கும் அது வரவில்லை. ‘அடித்தல்’ என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்த அச்சொல், கைநீட்டி அடிக்கும் இயல்புடையவனைக் குறிக்கும். அத்தகையவன் அப்பணிக்குத் தகுதியற்றவன். மேலும், தன் இல்லத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எவ்வாறு பேணுவான் என்னும் வாதமும் அங்கேயே எழுப்பப்படுகிறது (3:5). வெளியாரிடத்தும் நற்சாட்சி வேண்டும் என்கிறார் ஆசிரியர் (3:7). இல்லம் வேறு, பொதுப்பணி வேறு என்னும் பிரிவினையை ஆதிச்சபை ஏற்கவில்லை என்பது இதனால் தெளிவு.

வர்ணனையாளர் சபை மேற்பார்வையாளர் அல்லர். ஆகவே இவ்விதி அவருக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் நம்மை உறுத்தும் உண்மை ஒன்றுண்டு. இத்துணைக் கண்டிப்பான விதியைத் தன் கையில் வைத்திருக்கும் திருச்சபை, அத்தகைய விதி ஏதுமற்ற தொலைக்காட்சி நிறுவனத்தைக் காட்டிலும் சில வேளைகளில் தளர்வாக நடந்துகொள்கிறது. மனைவியை அடிப்பவர் நன்கு பிரசங்கிக்கிறார், தாராளமாகக் காணிக்கை அளிக்கிறார் என்பதற்காக நாம் வாய்மூடி இருப்போமாயின், திறமைக்காகக் குற்றத்தை மறக்கும் நிறுவனங்களினின்று நாம் எவ்வகையில் வேறுபட்டவர்கள்?

தாவீதின் இல்லம் இதற்கொரு எச்சரிக்கை. தாமார் தீங்குற்றபோது அவளுடைய சகோதரனே அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். தந்தையாகிய அரசன் கடுஞ்சினங்கொண்டான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை (2 சாமுவேல் 13:20, 21). செயலற்ற அச்சினம் அவ்வில்லத்தில் மேலும் இரத்தஞ் சிந்த வழிவகுத்தது. அதே தாவீது நாத்தானின் கண்டனத்திற்குப்பின் மன்னிப்பைப் பெற்றவன். எனினும் மன்னிப்பு அவன் செயலின் விளைவுகளை நீக்கிவிடவில்லை (2 சாமுவேல் 12:10-14). மாறாக, சகேயு தன் மனமாற்றத்தை எண்ணிக்கையில் காட்டினான்; வஞ்சித்ததை நான்கு மடங்காகத் திருப்ப முன்வந்தான் (லூக்கா 19:8). மனந்திரும்புதல் இன்றி அறிவிக்கப்படும் மன்னிப்பையே போன்ஹோஃபர் தமது 1937ஆம் ஆண்டு நூலில் மலிவான கிருபை எனச் சாடினார்.

4. மூன்றைப் பிரித்தறிதல்

இப்பொருளில் நேரும் குழப்பம் அனைத்தும் மூன்று காரியங்களை ஒன்றாகக் கருதுவதால் விளைகிறது. முதலாவது மன்னிப்பு. அது தேவனுடைய இலவச ஈவு. மனந்திரும்பும் எவருக்கும் அதனை மறுக்க நமக்கு அதிகாரமில்லை. இரண்டாவது ஒப்புரவு. அது தீங்குற்றவரின் விடுதலையான இசைவைப் பொறுத்தது. போதகரோ உறவினரோ அவர் சார்பில் அதனை வழங்கவியலாது. மூன்றாவது, பணியில் மீண்டும் நிலைநிறுத்துதல். அது சமுதாயத்தின் நம்பிக்கையைச் சார்ந்தது. அந்நம்பிக்கை நீண்ட காலச் சோதனையால் மட்டுமே திரும்பக் கட்டப்படும். முதலாவது கிடைத்தது என்பதனால் மற்ற இரண்டும் தாமாகவே கிடைத்துவிட வேண்டும் என வாதிடுவது கிருபையைத் திரித்துக் கூறுவதாகும்.

தாம் குற்றமற்றவர் எனச் சாதிப்பவர் எவ்வாறு மனந்திரும்புவார் என ஒரு மாணவர் வினவலாம். நியாயமான வினாவே. தீர்ப்பை மறுத்துரைக்க ஒருவருக்கு உரிமையுண்டு. மனச்சாட்சிக்கு மாறாக ஒப்புக்கொள்ளும்படி அவரை நெருக்குதல் தகாது. ஆனால் முறையான விசாரணையும் மேல்முறையீடும் முடிந்தபின், அவர் சொல் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு சமுதாயம் அவரைச் சிறப்பிக்கக் கடமைப்படவில்லை. பட்டம் அளிப்பது மன்னிப்பன்று, அது புகழ்ச்சி.

5. ஆயர்பணிக்குச் சில குறிப்புகள்

முதற்கடமை தீங்குற்றவரின் பாதுகாப்பே. கணவனையும் மனைவியையும் ஒருங்கே உட்காரவைத்து விசாரித்தல் கூடாது. கணவன் முன்னிலையில் அவள் சொல்வது அஞ்சிச் சொல்வதாக இருக்கும். அடித்தவனின் கண்ணீரை மட்டும் கண்டு அவன் மாறிவிட்டான் என முடிவு செய்யலாகாது. பொறுத்துப் போ எனப் புத்தி கூறி, அடியுண்டவளின் தோள்மீது சிலுவையைச் சுமத்தலாகாது. அவளாக ஏற்காத பாடு கிறிஸ்துவின் சிலுவையன்று.

பணியிழப்பு குற்றவாளியை மட்டும் தாக்குவதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அவனுடைய ஊதியத்தில் வாழும் மனைவியும் பிள்ளைகளும் அதே இழப்பைச் சுமக்கின்றனர். வேலை போய்விடுமே என்னும் அச்சத்தாலேயே பல பெண்கள் வாய்திறப்பதில்லை. ஆகவே குற்றவாளியை விலக்கும் சபை, அவனுடைய குடும்பத்தின் உணவுக்கும் உறைவிடத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் இல்லற வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், தடுப்பு ஆணையோடு வசிக்கும் உரிமையையும் பொருளுதவியையும் பெற வழிசெய்துள்ளது. ஒவ்வொரு போதகரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

முடிவாக, மூன்று நிகழ்ச்சிகளிலும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஆடவரின் பெயரையே. அவர்களுடைய ஓட்டங்கள் எண்ணப்படுகின்றன, குரல்கள் பாராட்டப்படுகின்றன, மீட்சி பேசப்படுகிறது. அடியுண்ட பெண்களின் பின்னைய வாழ்வைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆபேலின் இரத்தத்தின் குரலைக் கேட்ட தேவன் (ஆதியாகமம் 4:10) முதலில் கேட்டது அக்குரலையே. மன்னிப்பை அறிவிக்குமுன் அதே குரலுக்குச் செவிகொடுக்க நாமும் கற்றுக்கொள்வோமாக.