கிரிவலப் பாதையும் கால் நகங்களும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரமாக, ரமணாசிரமத்து வாயிலுக்கு எதிரே அதிகாலையில் சற்று நேரம் நிற்பவர்கள் ஒரே பாதையில் இருவகைப் பாதங்கள் செல்வதைக் காணலாம். ஒன்று, அருணாசலத்தைப் பிரதட்சிணம் செய்யும் பக்தர்களின் வெறும் பாதம். மற்றொன்று, தேகாப்பியாசத்தின்பொருட்டும் ஓட்டப் பந்தயப் பயிற்சியின்பொருட்டும் ஓடுகின்ற இளைஞர்களின் ஷூ அணிந்த பாதம். மலையைச் சுற்றிவர ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடந்து வந்தபின் முழங்காலையும் குதிகாலையும் பிடித்துவிட்டுக்கொள்ளாதவர் இல்லை. ஆனால் கால் விரல் நகங்களைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இந்த அலட்சியம் நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம்.

ஓடுகிறவருடைய ஓர் அடி சுமார் ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒருமுறை மலையைச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு காலும் ஏழாயிரம் தடவை தரையில் விழுந்து எழுகிறது. ஷூ சற்றே சிறிதாயிருந்தாலும், அல்லது பெரிதாயிருந்து பாதம் உள்ளே வழுக்கினாலும், அத்தனை தடவையும் பெருவிரலின் நுனி ஷூவின் முனையில் முட்டுகிறது. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருப்பதால் அடி அதன்மேல் விழுகிறது. ஒரு தடவை முட்டுவதால் ஒன்றும் நேர்வதில்லை. ஏழாயிரம் தடவை முட்டினால் நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, வெளியேற வழியில்லாத இரத்தம் அங்கேயே கட்டிக்கொள்கிறது. நகம் முதலில் சிவந்து, பிறகு ஊதாவாகி, இரண்டொரு நாளில் கறுத்துவிடும். இறக்கத்தில் இந்த உபாதை இன்னும் அதிகம். ஆசிரமத்தின் பின்புறமாகக் கந்தாசிரமத்துக்கு ஏறிச் செல்லும் கற்பாதையில் ஏறும்போது ஒன்றும் தோன்றாதவர்களுக்கும் இறங்கும்போது தேகபாரம் முழுவதும் விரல் நுனிக்குச் சரிந்து வருவது தெரியும். கிரிக்கெட்டில் வேகப் பந்து வீசுகிறவர்களுக்கு, பந்தை விடும் தருணத்தில் ஓங்கி ஊன்றும் முன்காலின் பெருவிரல் நகம் இவ்வாறே கெடுவது சகஜம். அதற்காக ஷூவின் முனையையே வெட்டித் துளை செய்துகொண்டு ஆடியவர்களும் உண்டு.

பரிகாரம் பெரும்பாலும் ஷூவைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. பாதம் பகல் முழுதும் சிறிது சிறிதாக வீங்குவதால் மாலையில் கடைக்குப் போவதே உசிதம். ஓடும்போது போடும் காலுறையையே போட்டுக்கொண்டு, நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்குமுன் கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டால் குதிகால் பின்னால் நிலைத்து, விரல்கள் முன்னால் சரியாமல் நிற்கும்.

அப்படியானால் வெறுங்காலே க்ஷேமம் என்று வாதிப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சியும் உண்டு. 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி வென்றார். நம் ராணுவத்தைச் சேர்ந்த சிவ்நாத் சிங், விரல்களில் பிளாஸ்திரியை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடும் வழக்கமுடையவர், 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தானை முடித்து ஏற்படுத்திய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. ஆனால் அதே பிக்கிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறுங்காலில் நகம் முட்டுவதற்குச் சுவரில்லை. ஆனால் கல் இருக்கிறது. கிரிவலத்தை நிறைமாத கர்ப்பிணியைப்போல் மெல்ல நடந்து செய்ய வேண்டுமென்று பெரியோர் வகுத்த முறையில், பக்தியோடு கால்களின் நன்மையும் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பௌர்ணமி இரவில் கூட்டத்தின் நெருக்கடியில் வேகமாக நடந்து, காலிடறி நகம் பெயர்ந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

இரத்தம் கட்டிய நகம் வலியில்லாமலிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். விண்விண்ணென்று தெறித்தால் முதல் ஓரிரு நாட்களுக்குள் வைத்தியரிடம் போவது நல்லது. அவர் நகத்தில் சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றிய உடனே வலி தணிந்துவிடும். ஊக்கைத் தீயில் காட்டித் தாமே குத்திக்கொள்ளும் வழக்கம் பல விளையாட்டு வீரர்களிடம் இருக்கிறது. சீழ் பிடிப்பதற்கு அதைவிட நேர்வழி வேறில்லை. ஆடுகிற நகத்தைப் பிய்த்தெறிவதும் தவறு. அது தானே விழும்வரை உள்ளிருக்கும் தசைக்குக் காப்பாக இருக்கும்.

நகத்தை வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கைவிரல் நகத்தைப்போல் ஓரங்களை வளைத்து உள்ளே ஒட்ட வெட்டினால், வளர்ந்து வரும் நகமுனை பக்கத்துச் சதைக்குள் புகுந்துவிடுகிறது. ஓட்டத்தின் நெருக்குதலும் வியர்வையும் சேர்ந்ததும் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது. குறுக்காக நேரே வெட்டி, மூலைகளைச் சற்று விட்டுவைக்க வேண்டும். நனைந்த காலுறையோடு நெடுநேரம் இருப்பவர்களுக்குப் பூஞ்சை பற்றி நகம் மஞ்சளாகித் தடித்துச் சொத்தையாகும். ஆனால் ஓயாத அடியினாலும் நகம் அதே தோற்றத்தில் தடிப்பதுண்டு. ஆகையால் நகத்துணுக்கைப் பரிசோதித்த பிறகே, மாதக் கணக்கில் சாப்பிட வேண்டிய பூஞ்சை மாத்திரைகளைத் தொடங்க வேண்டும்.

கறுத்த நகமெல்லாம் அடிபட்ட நகமென்று நினைத்துவிடவும் கூடாது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி கால்பந்தில் மிகுந்த பிரியமுள்ளவர். அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண் ஆட்டத்தில் பட்ட காயமென்றே கருதப்பட்டது. அது மெலனோமா என்னும் புற்றுநோய் என்று 1977-ல் தெரிந்தது. 1981-ல், 36-வது வயதில், அவர் காலமானார். இந்நோய் அபூர்வமானதே. எனினும் கட்டிய இரத்தம் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து போகும். நகராமல் நின்று அகலமாகிற கறுப்புக் கோட்டையும், நகத்தின் வேரருகே தோலிலும் பரவுகிற கறுப்பையும் வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும்.

கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. பெருவிரல் நகம் முழுதாக முளைத்துவர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். இந்தக் கார்த்திகை தீபத்தின்போது நகத்தை இழந்தவர் அடுத்த தீபம் வரையிலாவது பொறுத்திருக்க வேண்டும். சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கோ பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதுண்டு. நகம் பெயர்ந்ததே தெரியாமல் மலையைச் சுற்றி முடித்துவிடுவார்கள். அவர்கள் வெறுங்காலுடன் புறப்படுமுன் வைத்தியரைக் கலந்துகொள்வதும், திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் விரலிடுக்குகளையும் நகங்களையும் வீட்டிலுள்ள ஒருவரைக்கொண்டு பார்க்கச் செய்வதும் அவசியம். வலியில்லாத காயம் ஒன்று கண்ணில் பட்டால், மறுநாளுக்கென்று வைக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்.