ஆஸ்திரேலியாவின் ஊர்ப்பெயர்கள்

நேயர்களே, சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்து முடியும் முன்பே எழும் கேள்வி, "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். அதற்கு விடையாக வரும் பெயர் வெறும் முகவரியன்று. அதனுள் ஆறும் குளமும் கோயிலும் உறவும் அடங்கியிருக்கின்றன. அப்பெயரை அயலார் சிதைத்து உச்சரிக்கும்போது நம் மனம் சற்றே சுருங்குவதும் இயல்பே. ஒரு கண்டம் முழுவதிலும் உள்ள பெயர்கள் அவ்வாறு தவறாகக் கேட்கப்பட்டு, தவறாக எழுதப்பட்டு, பல இடங்களில் அடியோடு மாற்றப்பட்டால் அங்குள்ள பூர்வகுடிகளின் நிலை எவ்வாறிருக்கும்? ஆஸ்திரேலியாவின் ஊர்ப்பெயர் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகிறது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1788-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்குக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, பூர்வகுடி மக்கள் 250-க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசிவந்தனர். அந்நிலத்தின் குன்றுக்கும் ஓடைக்கும் நீர்ச்சுனைக்கும் முன்பே பெயர்கள் இருந்தன. வந்தவர்களோ அதை வெற்றுத்தாள் எனக் கருதித் தம் அமைச்சர்களையும் அரசியரையும் அதில் எழுதத் தலைப்பட்டனர். சிட்னி, ஹோபார்ட், மெல்பர்ன் ஆகிய மூன்றும் ஆங்கிலப் பிரபுக்களின் பெயர்கள். அடிலெய்டு ஓர் அரசியின் பெயர். பெர்த் என்பதோ ஸ்காட்லாந்து நாட்டு நகரம் ஒன்றின் பெயர். கண்டத்தின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், தந்திப் பாதை அமைத்த சார்லஸ் டாட் என்பவரின் மனைவி ஆலிஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரேர்ண்ட மக்கள் அவ்விடத்தை ம்பாண்ட்வா என வழங்கி வந்தனர். இன்றும் வழங்கி வருகின்றனர்.

இவ்வாறு கடல் கடந்து சென்ற பெயர்களுள் நமக்கு அறிமுகமானவையும் உண்டு. அடிலெய்டு நகரை ஒட்டிய மலைப்பகுதியில் 'கோரமாண்டல் பள்ளத்தாக்கு' என ஓர் ஊர் இருக்கிறது. 1837-இல் குடியேறிகளை ஏற்றிவந்த 'கோரமாண்டல்' என்ற கப்பலிலிருந்து மாலுமிகள் சிலர் தப்பியோடி இம்மலைகளில் மறைந்து வாழ்ந்தனர்; அதனால் வந்த பெயர் இது. கோரமாண்டல் என்பது சோழமண்டலம் என்பதன் திரிபு என அறிஞர் பலர் கூறுவர். சோழர் ஆண்ட கடற்கரையின் பெயர், ஆங்கிலேயர் நாவில் திரிந்து, கப்பலின் முகப்பில் ஏறி, தப்பியோடிய மாலுமிகளால் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிய விந்தையை என்னென்பது! சிட்னியில் மலபார் என்றொரு புறநகர் உண்டு. 1931-இல் அதன் அருகே பாறையில் மோதி உடைந்த கப்பலின் பெயர் அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் லக்னோ உண்டு. டாஸ்மேனியாவில் ஹௌராவும் உண்டு. ஆகவே வங்கத்து ஹௌராவில் வாழும் நம் நேயர்கள் தம் ஊரின் பெயர்த்தம்பி ஒன்று தெற்குக் கடலோரத்தில் இருப்பதை அறிந்து மகிழலாம்.

இனி, பூர்வகுடிப் பெயர்களுக்கு வருவோம். அவற்றுள் பல தெளிவான பொருளுடையவை. சிட்னிக்கு மேற்கே உள்ள பாரமட்டா, விலாங்கு மீனைத் தொடர்புபடுத்தி வழங்கிய பெயர். அங்கு வாழ்ந்த குலத்தினர் பர்ரமட்டகல் எனப்பட்டனர். ஆங்கிலேயர் முதலில் அவ்வூருக்கு ரோஸ் ஹில் எனப் பெயரிட்டு, 1791-இல் பழம்பெயரையே ஏற்றனர். பொன் விளைந்த நகரமாகிய பல்லாரட்டின் பெயர், இளைப்பாறுமிடம் என்ற பொருளது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் கோஜனப், மஞ்சிமப், ஜூண்டலப் என 'அப்' என முடியும் ஊர்கள் நிறைய உண்டு. நூங்கர் மொழியில் அவ்விகுதிக்கு இடம் என்று பொருள். நம் பக்கத்தில் 'பட்டி' என்றும் 'குடி' என்றும் முடிவதைப் போன்றதே இது. கோஜனப் என்றால் கற்கோடரி கிடைக்கும் இடம். தென் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் கூபர் பீடி என்ற ஊரில் 1915-இல் ஓப்பல் என்னும் இரத்தினக்கல் கண்டெடுக்கப்பட்டது. கல் தோண்டவந்த வெள்ளையர் வெயிலுக்கு அஞ்சி நிலத்தடியிலேயே குடியிருக்கலாயினர். அதைக் கண்ட பூர்வகுடியினர் வழங்கிய 'கூப பிட்டி' என்ற தொடரே ஊர்ப்பெயராயிற்று. வெள்ளையன் வளை என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயரிடப்பட்டவர்கள் திருப்பிப் பெயரிட்டதன் சுவையான சான்று இது.

இப்பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு திரிந்ததற்கு ஒலியியல் காரணம் உண்டு. பூர்வகுடி மொழிகளில் பெரும்பாலானவற்றில் 'க' என்னும் எழுத்தை வன்மையாக ஒலித்தாலும் மென்மையாக ஒலித்தாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலச் செவிக்கோ அவை இரண்டு எழுத்துகள். ஆதலால் ஒரே சொல்லை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதிவைத்தனர். சொல்லின் முதலில் ஙகரம் வருவது அம்மொழிகளில் சாதாரணம். அதை ஆங்கிலச் செவி பிடிக்கத் தவறியது. நாவை மடித்து ஒலிக்கும் டகர, ணகரங்களும் அங்கு ஏராளம். தமிழ் எழுத்து இவ்வொலிகள் பலவற்றை எளிதில் ஏந்தக்கூடியது. இவ்வொற்றுமையைக் கொண்டு அம்மொழிகள் தமிழுக்கு உறவு என்று முடிவு கட்டிவிடலாகாது. அத்தகைய உறவை மொழிநூலார் நிறுவவில்லை.

ஒலி திரிவது ஒருபுறமிருக்க, பொருளே மாறிவிடுவதும் உண்டு. 1835-இல், பின்னர் மெல்பர்ன் நகரம் எழுந்த இடத்துக்கு ஜான் ஹெல்டர் வெட்ஜ் என்ற நில அளவையாளர் வந்தார். நீர் பாறைமேல் சலசலத்து இறங்குவதைக் கண்டு உடனிருந்த பூர்வகுடியினர் 'யாரா யாரா' என்றனர். ஆற்றின் பெயர் அதுவே என எண்ணி அவர் குறித்துக்கொண்டார். அவர்கள் சுட்டியதோ நீர்வீழ்ச்சியை. தவறு பின்னர் அவருக்கே தெரிந்தது; ஆயினும் யாரா என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றின் பழம்பெயர் பிர்ரரங்.

இத்தகைய தவற்றில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நியூ சவுத் வேல்ஸில் மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் வாகா வாகா என்ற நகரம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கையில், அதனைக் 'காக்கைகள் மிகுந்த ஊர்' என்று தமிழாக்கி, அழகாக அமைந்ததெனப் பெருமையும் கொண்டோம். மூலத்தில் இருந்ததும் அதுவே. நூல்கள் பலவும் அவ்வாறே கூறிவந்தன. ஆனால் அவ்வூர் விராஜுரி மக்களின் நிலம். அவர்கள் மொழியில் காக்கைக்குச் சொல் 'வாகன்'. 'வாக' என்பதோ நடனம். சொல் இரட்டித்து வந்தால் மிகுதியைக் குறிக்கும். ஆகவே ஊரின் பெயருக்குப் பல நடனங்களும் கொண்டாட்டங்களும் நிகழும் இடம் என்பதே பொருள் என விராஜுரிப் பெரியோர் எடுத்துக் காட்டினர். 2019-இல் நகர சபையும் அதை ஏற்றுக்கொண்டது. ஆடிக் களித்த மக்களின் ஊரை நாம் காக்கைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்! நம் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு உண்மையாயிருந்தது. மூலமோ அம்மொழிக்கு உரியவர்களின் சொல்லுக்கு உண்மையாயில்லை. அன்றிலிருந்து எந்த ஊர்ப்பெயருக்கும் பொருள் எழுதுமுன், இதை யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்று பார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டோம்.

எல்லாப் பெயருக்கும் பொருள் கேட்பதும் தவறுதான். கண்டத்தின் நடுவே 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் செந்நிறப் பாறைக்கு 1873-இல் வில்லியம் காஸ் என்ற ஆய்வாளர் சர் ஹென்றி ஏயர்ஸ் என்ற அரசியலாரின் பெயரைச் சூட்டினார். ஆனங்கு மக்களோ அதனை உலுரு என்பர். அதற்குப் பொருள் என்ன என்று பயணிகள் கேட்பதுண்டு. அது அவ்விடத்துக்கே உரிய பெயர். அகராதிப் பொருள் வேறில்லை. அருகிலுள்ள கட்டா ஜூட்டா மட்டும் 'பல தலைகள்' எனப் பொருள்படும். இன்னுமொன்று: உலுரு என்று நாம் எழுதும் பெயரில் ஈற்றிலுள்ள ஒலி உண்மையில் ரகரமன்று, நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. 'தமிழ்' என்ற சொல்லை அயலார் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, அம்மக்கள் தம் பாறையின் பெயரை அயலார் வாயில் கேட்கும்போது என்ன உணர்வர் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்பாறை 1985-இல் ஆனங்கு மக்களின் உடைமையாகத் திருப்பி அளிக்கப்பட்டது. 1993-இல் ஏயர்ஸ் பாறை, உலுரு என இரு பெயர்களும் அதிகாரபூர்வமாயின. 2002-இல் உலுரு முதலிடம் பெற்றது. அவர்கள் புனிதமெனக் கருதும் அப்பாறைமீது ஏறுவது 2019-இல் நிறுத்தப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில், காங்கோ மக்களைக் கொடுமைப்படுத்திய பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் பெயரைத் தாங்கியிருந்த மலைத்தொடர், 2020-இல் வுனாமின் மிலிவுண்டி எனப் பெயர் மாறியது. இரு குலத்தார் தத்தம் மொழியில் வழங்கிய பெயர்களைச் சேர்த்து அமைத்தது இது. குவீன்ஸ்லாந்தின் ஃபிரேசர் தீவு 2023-இல் கரி என்ற பழம்பெயரை மீண்டும் பெற்றது.

பெயர் மாற்றம் அந்நாட்டாருக்குப் புதியதன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். முதல் உலகப் போரின்போது தென் ஆஸ்திரேலியாவில் மட்டும் ஜெர்மானியப் பெயர்கள் 69 நீக்கப்பட்டன. ஜெர்மானியர் குடியேறிய ஹான்டார்ஃப் என்ற ஊர் ஆம்பிள்சைடு ஆகி, 1935-இல் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. போர்ச் சினத்தில் சில ஆண்டுகளுக்குள் அத்தனை பெயர்களை மாற்ற முடிந்தது. ஆனால் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வழங்கிய பெயர்களை மீட்பதற்கோ நூறாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

நேயர்களே, பூமிப்படத்தில் இடம்பெறும் பெயரும் மக்கள் நாவில் வாழும் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாம் குடியேறி வாழும் மாநிலத்தின் ஊர்களுக்கும் இது பொருந்தும். அண்டை வீட்டாரிடம் அவர்தம் ஊரின் பெயரை ஒருமுறை சரியாகச் சொல்லித்தரக் கேட்போம். நாமும் திருத்திச் சொல்லிப் பழகுவோம். பிறகு அவர் நம் ஊரின் பெயரைக் கேட்பார்; அப்போது ழகரத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்போம்.