வட்டியின் இரு மொழிகள்

'கடன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, செய்தே தீரவேண்டிய கடமை. மற்றொன்று, திருப்பித் தரவேண்டிய பணம். இரண்டையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் வழங்கியது எண்ணத்தக்கது. வருவாய் வரும் வழியையும் செலவு போகும் வழியையும் பற்றிய குறளை வள்ளுவர் 'பொருள்செயல்வகை'யில் வைக்கவில்லை. 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்தார். தன் அளவை அறிவதும் தன் வலிமையை அறிவதன் பகுதியே என்பது அவ்வைப்புமுறையால் புலனாகும். ஆயின், அவ்வளவை அறிய இன்றைய மாணவர் இரு மொழிகளைக் கற்றாக வேண்டும். ஒன்று வீதியின் வட்டிமொழி. மற்றொன்று வங்கியின் வட்டிமொழி.

இராசபாளையத்து நூற்பாலைகளிலும், அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளிலும் உழைப்போர் வீடுகளிலும், திருவில்லிபுத்தூர்ப் பக்கம் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் வீடுகளிலும் 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்றே பேச்சு நடக்கும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது அதன் பொருள். வங்கியோ ஆண்டுக் கணக்கில் பேசுகிறது. ஆகவே 'இரண்டு வட்டி' என்பது வங்கிமொழியில் 24 விழுக்காடு. 'பத்து வட்டி' என்பது 120 விழுக்காடு. வங்கியின் 'பத்து' பெரிதாகவும் வீதியின் 'இரண்டு' சிறிதாகவும் தோன்றுவது எண்ணால் விளையும் மயக்கமே.

தண்டல் கடனில் இம்மயக்கம் இன்னும் ஆழமானது. பத்தாயிரம் ரூபாய் கடன் என்பார்கள். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாள் தொடங்கியே அசல் கரைந்து வருவதால், கடன்பட்டவர் கையில் சராசரியாக நிற்பது ஏறத்தாழப் பாதித் தொகைதான். அதுவும் நூறே நாளுக்கு. ஆண்டுக் கணக்காக விரித்துப் பார்த்தால் வட்டி நூறு விழுக்காட்டைக் கடந்துவிடும். கணக்குப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்ற மாணவரும் தம் வீட்டுத் தண்டல் அட்டையை ஒருமுறை இவ்வாறு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய வீதிச் சொற்களுக்கு இலக்கணம் வகுத்துத் தடை விதித்தது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடும்வட்டித் தடைச் சட்டம். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, அந்நாளில் நமக்கு அண்டை மாவட்டமாயிருந்த திருநெல்வேலியின் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கு இரையாயிற்று. பெற்றோரும் இரு பெண் குழந்தைகளுமாக நால்வர் உயிரிழந்தனர். சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

இனி வங்கியின் பக்கம் வருவோம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரே சேர்க்க வகைசெய்தன. வீட்டில் முதன்முதலாகத் தம் பெயரில் கணக்கு வைத்திருப்பவர் என்னும் நிலை இதனால் பல மாணவியர்க்கு வாய்த்தது. அக்கணக்கைச் 'சில நாள் கொடு, தரகு தருகிறேன்' என்று கேட்போரும் உடனே முளைத்துவிட்டனர். ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்ற அவர்களுக்குப் பிறர் கணக்கு தேவை. வழக்கு வரும்போது காவல்துறை தேடிவருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். ஏ.டி.எம். அட்டையைத் தோழனுக்கும் இரவல் தரலாகாது. ஏமாந்தோர் 1930 என்னும் எண்ணுக்கு எவ்வளவு விரைந்து அழைக்கிறார்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகும்.

கல்விக்கடன் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். படித்து முடித்தபின் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் படிக்கும் காலத்தில் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு ஓர் இலட்சம் வீதம் மூன்றாண்டுப் படிப்புக்குக் கடன் பெறுவதாகவும், வட்டி பத்து விழுக்காடு எனவும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டுத் தவணை விடுப்பும் கழியும்போது முதல் இலட்சத்துக்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000 என 90,000 ரூபாய் வட்டி நிற்கும். மூன்று இலட்சம் 3,90,000 ஆகிவிடும். முதலாண்டில் ஓர் இலட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய்தான். கையில் வருவதிலிருந்து அதைக் கட்டிவந்தால் இச்சுமை பெரிதும் குறையும். கட்டத் தவறினாலோ, கடனில் கூட்டாகக் கையொப்பமிட்ட தந்தையின் பெயரும் சேர்ந்தே கெடும். கடன் வரலாற்றைப் பதியும் நிறுவனங்களுள் சிபில் 2000இல் தோன்றியது. 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகிறது. அவ்வறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறலாம் என ரிசர்வ் வங்கி 2016இல் ஆணையிட்டது. நாம் இடும் மதிப்பெண்ணுக்கு மறுகூட்டல் உண்டு. அதிலும் பிழை இருந்தால் திருத்தக் கோரலாம்.

கைப்பேசிச் செயலிக் கடன் பழைய தண்டலின் புதிய வேடம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறைகளின்படி, கடன்தொகை கடன் பெறுபவரின் கணக்குக்கே நேரே வரவேண்டும். கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடலாகாது. இவற்றைக் கேட்கும் செயலியைக் கண்டவுடன் விலகுதல் நலம்.

வட்டியை மார்க்க அடிப்படையில் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலும், வட்டியில்லா 'அழகிய கட'னும் துணை நிற்கின்றன. ஆனால் வட்டி இல்லை என்பதாலேயே தவணையை மறந்துவிடுவோரும் உளர். அப்பணத்துக்காக அடுத்த மாணவர் ஒருவர் காத்திருக்கிறார் என்பதைப் பெரியவர்கள் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிப்பது திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). உறவினர்க்குள் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் நம்மவரிடையே எவ்வாறு புகுந்ததோ!

எழுதுவது படிப்பதற்கே. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்க்கு வழங்கும் கடன்களுக்கு ஆண்டு வட்டி, கட்டணங்கள், தவணை அனைத்தையும் கொண்ட முதன்மை விவரத் தாளைக் கடன் பெறுபவர்க்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் மேசைக்கு எதிரே அமரும் மாணவர், கையொப்பமிடுமுன், அத்தாளைத் தமிழில் தருமாறு கேட்கலாம்.