நிறம் திரும்பும் வீடுகள்

பெங்களூரின் வெள்ளைச் சுவர் ஃபிளாட்டுகளுக்குள் காவித் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சென்னபட்டணத்து அரக்கு வேலையும் நுழைந்துகொண்டிருக்கின்றன. பளிச்சென்ற நிறமும் பெரிய டிசைனும் கௌரவத்துக்குக் குறைவு என்ற எண்ணம் மெல்லக் கரைகிறது.

பெங்களூரில் புதிதாக ஒரு ஃபிளாட்டின் சாவியை வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்பது கதவைத் திறக்கும் முன்பே தெரியும். வெள்ளை அல்லது தந்த நிறச் சுவர், வழவழப்பான சந்தன நிற விட்ரிஃபைட் டைல்ஸ், அலுமினிய ஜன்னல். வைட்ஃபீல்டில் வாங்கினாலும் கனகபுரா சாலையில் வாங்கினாலும் இதில் மாற்றம் இருக்காது. பில்டர்களுக்கு இது வசதி. ஆயிரம் வீட்டுக்கு ஒரே டைல், ஒரே பெயின்ட். வாங்குகிறவருக்கும் ஒரு நிம்மதி: நாளை விற்க நேர்ந்தால் யாருக்கும் பிடிக்காமல் போகாது.

வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் கஷ்டம். 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த நகரத்தின் நெடுநாள் வழக்கம். சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கிறவர், அதற்கு மயில் நீலம் பூசுவாரா?

ஆனாலும் பூசுகிறார்கள். சுவரில் முடியாதவர்கள் தரை விரிப்பிலும் திரைச்சீலையிலும் நிறத்தைக் கொண்டுவருகிறார்கள். நகர எல்லையில் சொந்த வீடு கட்டுகிறவர்கள், பாட்டி வீட்டில் பார்த்த சிவப்புத் தரை வேண்டும் என்று கொத்தனாரைத் தேடுகிறார்கள். பளிச்சென்று இருந்தால் பட்டிக்காட்டுத்தனம், வெளிர் நிறம்தான் நாகரிகம் என்று நடுத்தர வகுப்பு பல காலம் நம்பியது. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

அரண்மனைகள் சொல்லும் சேதி

உண்மையில் இந்தப் பகுதியில் செல்வாக்கான வீடுகள் எல்லாமே வெள்ளையாக இருந்ததில்லை. பெங்களூர் கோட்டைக்கு அருகே ஹைதர் அலி 1781ல் தொடங்கி, திப்பு சுல்தான் 1791ல் முடித்த கோடை அரண்மனையில் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் சுவரெங்கும் பூ வேலைப்பாடு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784ல் எழுந்த தரியா தௌலத் இன்னும் ஒரு படி மேல். அங்கே 1780ன் பொள்ளிலூர்ப் போர் யானையும் குதிரையுமாக ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மைசூர் அரண்மனையோ நிறத்தின் உச்சம். 1897 தீ விபத்துக்குப் பின் புது அரண்மனையை வடிவமைத்தவர், சென்னையின் சிவப்புக் கட்டடங்கள் பலவற்றுக்கும் காரணமான ஹென்றி இர்வின். 1912ல் வேலை முடிந்தது. அதன் கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேலே கிளாஸ்கோவில் செய்த வண்ணக் கண்ணாடியில் மயில்கள், காலடியில் டைல்ஸிலும் மயில்கள், நடுவே நீலமும் பொன்னுமாக இரும்புத் தூண்கள். இத்தனை அடர்த்தியான டிசைனை ஒரே கூடத்தில் வைத்தும் கண் உறுத்தாததற்குக் காரணம் எளிமையானது. எங்கே பார்த்தாலும் அதே சில நிறங்கள், அதே மயில்.

சாதாரணக் குடும்பங்களும் நிறத்தை ஒதுக்கவில்லை. 1898ல் பிளேக் நோய் நகரத்தை உலுக்கிய பின் வளர்ந்த பேட்டைகள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அங்கே எழுந்த வீடுகளில் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரை, பச்சை பூசிய ஜன்னல், மங்களூர் ஓடு. அந்த ஓட்டுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு: 1865ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய தொழில் அது. கண்டோன்மென்ட் பங்களாக்களின் முகப்பில் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, குல்லாய்போல் கூர்மையாக முடித்திருப்பார்கள். 'மங்கி டாப்' என்று பெயர். ஜேனட் பாட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1977ல் இந்த பங்களாக்களைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அதற்குப் பின் ஒவ்வொன்றாக இடிபட்டு, அந்த மனைகளில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. இடிபட்டபோது ஓடும் மரமும் பழைய சாமான் கடைக்காவது போயின. தரையைப் பெயர்த்து எடுத்துப் போக வழியில்லை.

நம் துணி, அவர்கள் தடை

பெரிய பூப்போட்ட சோபா உறை என்றால் ஆங்கிலேய பாணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது புறப்பட்ட இடம் சோழமண்டலக் கரை. சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் துவைத்தாலும் போகாதபடி பருத்தியில் ஏற்றும் வித்தை நம் சாயக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 17ம் நூற்றாண்டில் கப்பலேறிய அந்தத் துணிகள் ஐரோப்பியச் சீமான்களின் கட்டில்களையும் சுவர்களையும் மூடின. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686ல் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டங்கள் இயற்றி, கடைசியில் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையும் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதையுமே குற்றமாக்கியது. ஒரு துணி டிசைனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்க முடியாது. பின்னாளில் அதே பூ, மில் துணியாகக் கண்டோன்மென்ட் பங்களாக்களுக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

தரையிலும் சுதேசி நுழைந்த கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான டைல்ஸுக்குப் பதிலாக சிமென்ட் டைல்ஸ் செய்ய, 1922ல் பம்பாயில் பாரத் ஃப்ளோரிங்ஸ் தொடங்கியது. பூக்கோலமும் கட்டமும் போட்ட அந்த வகைக் கற்கள் நாடெங்கும் வீட்டுக் கூடங்களில் இடம்பிடித்தன.

கண்ணாடியில் பிறக்கும் கல்

இன்று பெங்களூரில் புது வீடு கட்டுகிறவர்கள் மத்தியில் அதிகம் அடிபடும் பெயர் ஆத்தங்குடி. சிவகங்கை மாவட்டத்தின் இந்தச் செட்டிநாட்டுக் கிராமத்தில் டைல்ஸை யாரும் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் டிசைன் தடுப்பைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் வண்ண சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, தடுப்பைப் பதமாகத் தூக்கிவிட்டு, மேலே உள்ளூர் மணலும் சிமென்டும் கலந்த கலவையை நிரப்பி அழுத்துகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவேண்டும். பிறகு கண்ணாடியைப் பிரித்தால் முகம் பார்க்கும் வழவழப்பு.

கையால் ஊற்றுவதால் ஒரு கல்லைப் போல் இன்னொன்று இராது. கோடு லேசாக நெளியும், நிறம் கொஞ்சம் ஓடும். ஷோரூம் டைலைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் குறை என்கிறார்கள். தேடி வந்து வாங்குகிறவர்களுக்கு அதுதான் அழகு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு கூடும். ஆனால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அதோடு சரி. எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். சமையலறைக்கு இதைப் போடும் முன் யோசிப்பது நல்லது.

காவித் தரை இன்னும் பிடிவாதம் பிடித்தது. சிமென்டுடன் இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, ஓர் அறையை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பூசியாக வேண்டும். பாதியில் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது அங்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கரணையால் தேய்த்துத் தேய்த்தே மெருகு ஏற்றவேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காயாமல் காத்து, அதுவரை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். விரிந்த இடத்தை ஒட்டினால் ஒட்டுத் தெரியும், நிறம் சேராது. பொருள் மலிவு, விலை முழுக்கக் கைவேலைக்குத்தான்.

சிக்கலும் அங்கேதான். டைல்ஸ் ஒட்டும் வேலையை விரைவில் கற்றுக்கொள்ளலாம், தினமும் வேலை கிடைக்கும். காவித் தரை போடத் தெரிந்த கொத்தனாருக்கு எப்போதாவது ஒரு வீடு. அவர் மகன் எந்த வேலைக்குப் போவான் என்று சொல்லத் தேவையில்லை.

பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டரில், மைசூர் சாலையில் இருக்கும் சென்னபட்டணத்தின் நிலைமை கொஞ்சம் தேவலை. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். தாழை மடலால் தேய்த்தால் மின்னும். மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி. பொம்மைக்குப் பேர்போன இந்தக் கைகள் இப்போது அலமாரிக் குமிழ், திரைச்சீலை வளையம், விளக்குத் தண்டு எல்லாம் செய்கின்றன. பத்துக் குமிழ்களை மாற்றினாலே ஒரு வெள்ளைச் சமையலறை முகம் மாறிவிடும். வீட்டுக்காரர் கேட்டால் பழைய குமிழைத் திருப்பி மாட்டிவிடலாம்.

எடுப்பாக, ஆனால் இரைச்சலாக அல்ல

நிறத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு உள் அலங்கார நிபுணர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 60, 30, 10. அறையில் 60 சதவீதம் ஒரு நிறம், 30 சதவீதம் அதற்குத் துணை நிறம், மீதி 10 சதவீதம் கண்ணைப் பறிப்பது. பட்டுப் புடவை வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உடல், பார்டர், ஜரிகை.

டிசைனுக்கும் இதேபோல் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓர் அறைக்குப் பெரிய பூ ஒன்று போதும். அதற்குத் துணையாக ஒரு கோடோ கட்டமோ, இன்னும் சிறியதாக ஒரு புள்ளி. மூன்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருந்தால் சண்டை வராது. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளோ, தார்வாட் மாவட்டத்து நவல்குந்தில் பெண்கள் நெய்யும் கட்டம் போட்ட விரிப்போ தரையில் இருந்தால், இளகல் புடவையைக் கிழித்துத் தைத்த தலையணை உறை அதோடு ஒத்துப்போகும். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் மட்டும் சுவரைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

பெங்களூரின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மேகமூட்டம். சென்னை வெயிலில் கண் கூசும் மஞ்சள் இங்கே இதமாக இருக்கும். சென்னையில் குளிர்ச்சி தரும் சாம்பல் நீலம் இங்கே ஜூலையில் மனதைச் சோர வைக்கும். கடையில் கொடுக்கும் சிறு அட்டையை நம்பாமல், இரண்டுக்கு இரண்டு அடி சுவரில் பூசிக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்த்தபின் முடிவு செய்வதே சரி. 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் காவிச் சிவப்பு செத்துப்போகும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் விளக்கு அதற்கு உயிர் கொடுக்கும்.

நிறத்தில் ஒளிந்த விஷம்

பளிச்சென்ற பெயின்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. எனாமல் பெயின்டின் கண்ணைப் பறிக்கும் மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பையும் நெடுங்காலம் கொடுத்தது ஈயம். இந்த எச்சரிக்கை மணியை நாட்டில் உரக்க அடித்த நகரங்களில் பெங்களூர் முக்கியமானது. ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1999ல் வெளியிட்ட ஆய்வு, பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் சோதிக்கப்பட்ட 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தத்தில் அளவை மீறிய ஈயம் இருந்ததாகக் காட்டியது. அன்று பெரிய குற்றவாளி பெட்ரோல். 2000 பிப்ரவரியில் ஈய பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பெயின்டின் முறை வர இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. 2016ல் வந்த விதிகள் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவை 10 லட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தின. 2017 நவம்பர் முதல் அவை அமலுக்கு வந்தன.

புது டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்து வாங்கினால் போதும். கவலை பழைய வீட்டில்தான். ஆசையாக வாங்கிய பழைய மர ஜன்னலையோ கதவையோ உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் பல ஆண்டு ஈயம் தூளாகப் பறந்து, தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஈரப்படுத்தித் தேய்ப்பதும், வேலை முடிந்து தரையை ஈரத் துணியால் துடைக்கும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு இடத்தில் வைப்பதும் கட்டாயம். இந்தச் செலவு எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இருக்காது. கேட்டுச் சேர்க்க வேண்டும்.

நிறத்தை எல்லோரும் லட்சங்களில் வாங்கவேண்டியதில்லை. சித்ரகலா பரிஷத் ஜனவரியில் குமார கிருபா சாலையில் நடத்தும் சித்திரச் சந்தையில், நடைபாதையில் அமர்ந்திருக்கும் ஓவியரிடமே பேரம் பேசி ஒரு படம் வாங்கலாம். வெள்ளைச் சுவருக்கு அதுவே போதுமான தொடக்கம். தரைக்குத்தான் பொறுமை வேண்டும். பெங்களூரில் காவித் தரை போடத் தெரிந்த கொத்தனார் கிடைத்துவிட்டால், வீட்டுக்காரர்கள் அவருடைய தேதிக்கு ஏற்பத் தங்கள் கிரகப்பிரவேசத்தைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.