மணியின் நடுவே ஒரு துளை

சிறுமியாக இருந்தபோது விடுமுறை மத்தியானங்களில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாசி கோப்பேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, போன மாதம் மறுபடியும் ஒரு தட்டு நிறையப் பாசியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டி செய்தது போலவே நூல் நுனியை மெழுகில் இழுத்து விறைப்பாக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். நீலப்பாசி ஒன்று நூலை உள்ளே விடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளையில் தூசி அடைத்திருந்தது. அத்தனை காலமும் நிறத்தை மட்டுமே பார்த்த கண் அன்றுதான் துளையைப் பார்த்தது.

வெறும் கல்லை மணியாக்குவது அந்தத் துளைதான். மனிதர்கள் அதற்காகப் பட்ட பாடு மிகப் பழையது. மொராக்கோவின் பிஸ்மூன் குகையில் 1,42,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கிளிஞ்சல் மணிகள் கிடைத்திருக்கின்றன. யாரோ கோத்துத் தொங்கவிட்டு அணிந்த தேய்மானம் அவற்றின் துளை ஓரங்களில் இன்னும் இருக்கிறது.

கிளிஞ்சல் மெல்லியது, குத்தினால் துளை விழும். சூதுபவளமும் படிகமும் அப்படியல்ல. தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அவை 7ஐ ஒட்டியவை. சாதாரணக் கத்தியால் அவற்றில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. ஆனால் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கற்களைத் துளைத்திருக்கிறார்கள். உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த கல், துளையிட்ட மணி என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் அங்கே அகழாய்வில் கிடைத்தது.

எதை வைத்துத் துளைத்தார்கள்? விடை தேடியவர்களில் லியனார்ட் கோரெலிக், ஜான் க்வின்னெட் இருவரும் பல் மருத்துவத் துறையினர். பல்லுக்கு அச்சு எடுப்பது போலவே பழங்கால மணிகளின் துளைக்குள் சிலிக்கோனை நிரப்பி அச்செடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். துளைச் சுவரில் வட்ட வட்டமாக ஒழுங்கான வரிகள் தெரிந்தன. மணல்போன்ற தூளைக் கொண்டு அராவினால் அப்படி விழாது. அவை வைர முனையின் தடம். கடினம் 10 உள்ள வைரத்துக்கு அந்தக் கல் வழிவிட்டது. குஜராத்தின் கம்பாத்தில் நம் காலத்திலும் கைவினைஞர்கள் நுனியில் இரண்டு வைரச் சில்லுகள் பதித்த ஊசியை வில்லால் சுழற்றிக் கல்லைத் துளைத்திருக்கிறார்கள். ஒரே பக்கமாகத் துளைத்துக்கொண்டு போனால் மறுபக்கம் வெளிவரும்போது கல் சிதறிவிடும். அதனால் பாதி தூரம் போய், மணியைத் திருப்பிப் பிடித்து எதிர்ப்பக்கத்திலிருந்து துளைப்பார்கள்.

கல்லில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி உழைப்பு. கண்ணாடியில் நம்மவர்கள் ஒரே துளையை ஆயிரக்கணக்கான துளைகளாக்கும் வித்தையைக் கண்டார்கள். உருகிய கண்ணாடிக் கட்டியின் நடுவில் ஒரு குழிவை உண்டாக்கி, ஒரு நுனியைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அது நீளமான மெல்லிய குழாயாக வரும். கட்டி மெலிய மெலிய நடுத்துளையும் கூடவே மெலியும், அடைபடாது. பிறகு அந்தக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு பாசி. துண்டுகளின் கூர்மையான ஓரத்தை மழுக்கச் சாம்பலோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். இளகிய கண்ணாடி, பரப்பு இழுவிசையால் தானே உருண்டுகொள்ளும். அதே விசை துளையையும் மூடப் பார்க்கும். உள்ளே நிறைந்த சாம்பல் அதைத் தடுக்கும்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இப்படிச் செய்த பாசிகளும் குழாய்த் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இதே வகைப் பாசிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவையும் தாண்டிக் கொரியா, ஜப்பான் வரை மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்திருக்கின்றன. ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை தொடர்ந்தது. இன்று கடையில் பொட்டலமாக விற்கும் பொடிப் பாசியும் பெரும்பாலும் இழுத்த குழாயை நறுக்கியதுதான்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய மாலை ஒன்று அறுந்து கிடக்கலாம். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் துளை போகும் திசையிலேயே நீண்டிருந்தால், அது இழுத்துச் செய்த பாசி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால், கம்பியில் சுற்றிச் செய்தது. கல்மணியின் துளை நடுவில் சற்றே விலகிப் படிபோல் இருந்தால், இரண்டு பக்கமிருந்தும் ஒரு கை துளைத்துக்கொண்டு வந்து சந்தித்த இடம் அது.

என்னுடைய நீலப்பாசியில் ஊசி நுனியால் தூசியை நெம்பினேன். நூல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மாலையின் மற்றப் பாசிகளை அவசரப்படாமல் கோத்தேன். ஒவ்வொன்றிலும் நூல் நுழைவதை நின்று பார்க்கவேண்டும்போல் இருந்தது.